படுக்கையறைச் சுவரும் பூஜை மாடமும்

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் இருக்கிறது. தசரதன் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்திக்குத் திரும்புவது வரை ஒரு காட்சியின் விளிம்பில் அடுத்த காட்சி முளைக்கிறது. விரல் வைக்க வெற்றிடம் இல்லை. கீழறைகளில் மோகினியிடம் மயங்கிய சிவனும் கோபியர் சூழ்ந்த கண்ணனும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்த கட்டடம் அது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்து விரிவாக்கியதால் இன்றும் டச்சு அரண்மனை என்றே பெயர். கேரளச் சுவரோவியங்களின் உச்சம் எது என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் இரண்டு மூன்று இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அரண்மனையைச் சுற்றியுள்ள சந்துகளிலோ, காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்திலோ, அதையும் தாண்டிக் கலூரிலோ ஓர் இந்து வீட்டின் பூஜை மாடத்தில் இருக்கும் லட்சுமி இந்த அரண்மனைச் சுவரிலிருந்து இறங்கி வந்தவள் அல்ல. தெற்கே கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா வரைந்து, பம்பாய்ப் பக்கத்து அச்சகத்தில் ஜெர்மன்காரர்கள் அச்சிட்ட லட்சுமியின் மகளோ பேத்தியோதான் அவள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஓவியம் சுவரிலேயே தங்கிவிட, எங்கோ அச்சான படம் வீட்டுக்குள் வந்து விளக்கேற்றிக்கொண்டது எப்படி?

தொழில்நுட்பம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும், அது நிற்காது. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும். பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் படத்தை எழுதி, கல்லை நனைத்து, மை தடவி, தாளை அழுத்தி எடுப்பார்கள். அதே தாள் அடுத்த கல்லுக்குப் போகும்போது மயிரிழை விலகினாலும் மூக்கு ஓரிடத்திலும் மூக்குத்தி வேறிடத்திலும் விழும். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்களோ நிழலும் ஒளியும் ஒன்றில் ஒன்று கரைபவை. அந்தக் கரைசலைத் தாளில் கொண்டுவர ஒரே படத்துக்குக் கல் மேல் கல்லாக அடுக்கியாக வேண்டும். மட்டாஞ்சேரிச் சுவரில் இந்தத் தொல்லை குறைவு. காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, விளக்குக் கரியிலிருந்து எடுத்த கறுப்பு, சுண்ணாம்பின் வெள்ளை ஆகிய ஐந்தும் பெரும்பாலும் தத்தம் எல்லைக்குள் நிற்கின்றன. உருவத்தை இழுத்துக் கட்டியிருப்பது கோடு. அச்சகக்காரன் பார்வையில் இரண்டில் எளிய வேலை சுவரோவியம்தான். அப்படியிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் அதை அச்சேற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. எனவே காரணத்தைக் கல்லில் தேடாமல், படத்தை வாங்கிப் போனவர் அதை வைத்து வீட்டில் என்ன செய்தார் என்பதில் தேட வேண்டும்.

இந்த இடத்தில் ஐரோப்பாவைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் புராண ஓவியம் வீட்டுச் சுவருக்கு வந்த கதை அங்கேயும் ஒரு பிரபுவின் அந்தரங்க அறையில்தான் தொடங்குகிறது. வீனஸ் நடுவில் நிற்க, மலர்கள் சொரியும் போத்திசெல்லியின் 'வசந்தம்' இன்று ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் கூட்டத்தை இழுக்கிறது. 1490களின் இறுதியில் எழுதப்பட்ட மெதிச்சி குடும்பச் சொத்துப் பட்டியல், அது படுக்கையறையை ஒட்டிய அறையில் ஒரு பெரிய சாய்விருக்கைக்கு மேலே மாட்டியிருந்தது என்று சொல்கிறது. டிஷியன் 1550களிலும் 1560களின் தொடக்கத்திலும் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்புக்காக ரோமக் கவிஞர் ஓவிடின் கதைகளிலிருந்து வரைந்து அனுப்பிய டானயீ, யூரோப்பா முதலிய படங்களும் ஒரு மன்னர் தனியாகப் பார்த்து ரசிக்க எழுந்தவையே. மட்டாஞ்சேரி மன்னர் பள்ளியறையில் கிடந்து ராமாயணத்தைப் பார்த்ததும் ஏறத்தாழ அதே காலம். அரசர்கள் சுவரில் அடைத்துவைத்ததைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையையும் ஐரோப்பா உடனே தொடங்கிவிட்டது. ரஃபேல் உயிரோடு இருக்கும்போதே அவருடைய 'பாரிஸின் தீர்ப்பு' கோட்டோவியத்தை மார்க்கான்டோனியோ ரைமொண்டி செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். 1848இல் லண்டனில் தொடங்கிய அருண்டேல் சங்கம், இத்தாலியச் சுவரோவியங்களை வண்ணக் கல்லச்சில் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியது. ஆனால் மூன்று நூற்றாண்டாக வீனஸ் படம் அச்சாகி விற்றும், அதன் முன் ஒருவரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. ஏற்ற முடியாது. அந்தத் தெய்வங்களின் வழிபாட்டை ரோமப் பேரரசர் தியோடோசியஸ் 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தடைசெய்துவிட்டார். போத்திசெல்லி தூரிகையை எடுத்தபோது வீனஸுக்குக் கோயில் இல்லாமல் போய் ஆயிரம் வருடம் கடந்திருந்தது. அவளை விண்ணுலகக் காதலின் குறியீடாக அன்றைய ஃபிளாரன்ஸ் தத்துவவாதிகள் வாசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் குறியீட்டை வாசிப்பவர் யாரும் அதற்குப் படையல் வைப்பதில்லை. பக்தர் இல்லாத தெய்வத்தின் அச்சுப்படம் கலைப்பொருளாக மட்டுமே வீட்டுக்குள் வர முடியும்.

ரவிவர்மா தொடங்கியதும் இந்த ஐரோப்பிய வழியில்தான். திருவிதாங்கூர் அரண்மனையில் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் எண்ணெய் ஓவியம் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர். சகுந்தலை கடிதம் எழுதும் அவருடைய ஓவியத்தைச் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கினார். சமஸ்கிருத அறிஞர் மோனியர் வில்லியம்ஸ் தம் சாகுந்தல மொழிபெயர்ப்பின் 1887 பதிப்பில் அதை முகப்புப் படமாகப் போட்டார். பரோடா மன்னருக்காக வரைந்த 14 புராண ஓவியங்கள் அரண்மனைக்குள் போகுமுன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன, கூட்டம் அலைமோதியது. கேட்கிற எல்லோருக்கும் ஒரு மனிதரால் வரைந்து மாளாது, எனவே தேர்ந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி எண்ணெய் ஓவியம் போலவே அச்சிடுங்கள் என்று கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். ஐரோப்பாவுக்கு அனுப்பாமல் ஐரோப்பாவையே இங்கு வரவழைத்தார் ரவிவர்மா. 1894இல் பம்பாயில் அச்சகம் திறந்து ஜெர்மன் இயந்திரங்களையும் ஜெர்மன் தொழிலாளர்களையும் அமர்த்தினார். முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு: குழந்தையை ஏந்தி நிற்கும் மேனகை, முகத்தைத் திருப்பிக் கையை நீட்டி மறுக்கும் விசுவாமித்திரர். நன்றாகக் கவனிக்க வேண்டும், அது சாமி படம் அல்ல, கதைப் படம். கூடத்துச் சுவரில் மாட்டிப் பார்த்து ரசிக்க வேண்டிய படம், டிஷியனின் வகை.

சந்தை அவரை வேறு பக்கம் திருப்பியது. பம்பாயில் பிளேக் பரவியதும் அச்சகம் லோனாவ்லா அருகே மளவலிக்கு இடம்பெயர்ந்தது. கடன் தாளாமல் 1900களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரரிடமே விற்கப்பட்டது. ரவிவர்மா 1906இல் இறந்த பிறகும் அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. அதிலிருந்து வெளிவந்தவற்றை இன்று இரண்டாகப் பிரிக்கலாம். நளனை நினைத்து ஏங்கும் தமயந்தி, ஊஞ்சலாடும் மோகினி, திலோத்தமை, ரம்பை ஆகியோர் ஒரு பக்கம். தாமரை மேல் நான்கு கையோடு நேராக நின்று நம்மைப் பார்க்கும் லட்சுமி, பாறையில் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதி ஆகியோர் மறுபக்கம். வரைந்த கையும் அச்சகமும் ஒன்று; தாளும் கல்லும் ஒன்று. முதல் வகை ஒன்றிரண்டு தலைமுறையில் கூடத்திலிருந்து பரணுக்கும், பரணிலிருந்து பழம்பொருள் கடைக்கும் போயிற்று. இன்று ஏலத்தில் வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு உரியது. இரண்டாம் வகை இன்னும் சாகவில்லை. காலண்டரிலும் கல்லாப்பெட்டிக்கு மேலும் லாரிக் கண்ணாடியிலும் நாள்தோறும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. ஓவியர் யார் என்பதோ, அசல் எங்கே தொங்குகிறது என்பதோ கும்பிடுகிறவருக்குத் தேவைப்படவில்லை. போத்திசெல்லியின் அச்சுப்படத்தை வாங்குபவர் அசலை ஃபிளாரன்ஸில் பார்த்ததையோ பார்க்க நினைப்பதையோ வாங்குகிறார். லட்சுமி படத்தை வாங்குபவருக்கு அந்தத் தாளே அசல். அச்சுப் பிரதி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழித்துவிடுகிறது என்று 1930களில் ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் எழுதிய வாதம் டிஷியனுக்குப் பொருந்தலாம். குத்துவிளக்கின் கரி படிந்த சட்டத்துக்குள் இருக்கும் ஓலியோகிராஃபுக்கு, அதாவது எண்ணெய் ஓவியம் போல அச்சிட்ட படத்துக்குப் பொருந்தாது. அதன் ஒளிவட்டம் அச்சகத்தில் வரவில்லை என்பதால் அச்சினால் போகவும் இல்லை.

கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமியும் சகோதரி நிவேதிதையும் 1907 வாக்கில் ரவிவர்மாவைக் கடுமையாகத் தாக்கினார்கள். தெய்வங்களை நாடக மேடை மனிதர்களாக்கிவிட்டார், ஐரோப்பிய மெய்ம்மைப் பாணியை நம் புராணத்தின் மேல் போர்த்திவிட்டார் என்பது குற்றச்சாட்டின் சாரம். ஓவியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சுப்படங்களை வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய படங்களில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை எடுத்துப் பாருங்கள். லட்சுமியின் சேலை இருந்த இடத்தில் நிஜப் பட்டுத்துணி, மடிப்புக்கு மடிப்பு கத்தரித்து ஒட்டியிருக்கும். அடியில் பஞ்சு வைத்திருப்பதால் தாளிலிருந்து சற்றே புடைத்து நிற்கும். ஓரமெல்லாம் ஜரிகை, கிரீடத்தில் சம்கி, கழுத்தில் சின்னச் சின்ன மணி. ரவிவர்மா பாடுபட்டு வரைந்த நிழலும் துணிச் சுருக்கமும், ஜெர்மன்காரர் கல் கல்லாக அடுக்கிக் கொண்டுவந்த வண்ணக் கரைசலும் அந்தத் துணிக்கு அடியில் மறைந்துவிட்டன. மிஞ்சியவை முகமும் கைகளும் பாதங்களும். கோயிலில் அலங்காரம் செய்த மூலவரில் நம் கண்ணுக்குக் கிடைப்பவையும் இவைதான். தங்கரேக்கும் கல்லும் பதித்த தஞ்சாவூர்ப் படத்துக்குப் பழகிய கைகளுக்கு இதில் புதுமையும் இல்லை. ஐரோப்பிய மெய்ம்மையை எதிர்த்து எழுதிய கட்டுரைகளைவிட ஊசியும் பசையும் எடுத்த இந்தக் கைகள் அதிகம் சாதித்தன என்பது என் எண்ணம்.

இது இந்தியா, ஐரோப்பா என்ற வேற்றுமை அல்லவா, இதைத் தெய்வ நம்பிக்கையின் மேல் ஏன் போட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அதற்கான சோதனைக்களம் கொச்சியிலேயே இருக்கிறது. கலூர் அந்தோணியார் திருத்தலத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் நவநாள் கூட்டம். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களின் வீட்டுக்குள் போனால் முன்கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழே அணையாத சிவப்பு விளக்கு. உயிர்ப்பான இருதயத்தைக் கையில் ஏந்திய அந்த உருவத்தின் மூலம் ரோமில் ஜெஸு ஆலயத்தில் உள்ளது. பொம்பேயோ பத்தோனி 1767இல் செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. அசல் ஐரோப்பிய ஓவியம், ஐரோப்பிய அச்சு முறை. ஆனால் கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் அந்தப் படத்தைப் பாதிரியார் வந்து பிரதிஷ்டை செய்கிறார், குடும்பம் அதன் முன் மண்டியிட்டு ஜெபமாலை சொல்கிறது. பத்தோனி என்ற பெயரை அங்கே யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. அதே வீட்டின் சாப்பாட்டு அறையில் லியோனார்டோவின் 'கடைசி இராவுணவு' மாட்டியிருக்கும். மிலானில் 1490களில் சுவரில் வரைந்த நாள் முதலே உதிரத் தொடங்கிய அந்த ஓவியத்தை, ரஃபேல் மார்கென் 1800இல் வெளியிட்ட செதுக்கச்சு உலகமெங்கும் கொண்டுபோனது. மறுமலர்ச்சிக் கால ஓவியத்தின் அச்சுப்படம் நம் பக்கத்து வீடுகளில் ஆழமாக வேரூன்றியது என்றால் அது இந்த ஒன்றுதான். வீனஸ் வரவில்லை, டானயீ வரவில்லை, கிறிஸ்து வந்தார். ஐரோப்பாவிலும் இதே கதைதான். சிசிலியின் மீனவர் வீட்டுச் சுவரில் அச்சிட்ட மாதா படத்துக்கு விளக்கு எரியும், வீனஸுக்கு எரியாது. பிரிவினைக் கோடு கண்டங்களுக்கு இடையே ஓடவில்லை. கும்பிடப்படுபவருக்கும் கும்பிடப்படாதவருக்கும் இடையே ஓடுகிறது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மட்டாஞ்சேரிச் சுவரில் இருப்பவர்கள் செத்த தெய்வங்கள் அல்லவே; ராமனும் சிவனும் கண்ணனும் அன்றும் இன்றும் கும்பிடப்படுபவர்கள். பிறகு அவர்கள் ஏன் பள்ளியறைச் சுவரில் கதையாகவும் சிருங்காரமாகவும் நின்றுபோனார்கள்? விடை அரண்மனை முற்றத்திலேயே இருக்கிறது. நான்கு கட்டுக்கும் நடுவில் பழயன்னூர் பகவதிக்குக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். கொச்சி அரச குடும்பத்தின் குலதெய்வம் அவள். கும்பிட வேண்டியவள் முற்றத்தில் இருந்ததால் சுவர்கள் விடுதலை பெற்றன. மன்னர் மாடியில் கதை பார்க்கலாம், கீழறையில் காதல் பார்க்கலாம், வழிபாட்டுக்கு முற்றத்தில் இறங்கலாம். சாதாரண வீட்டில் முற்றத்துக் கோயில் ஏது? தறவாடு எனப்படும் கூட்டுக் குடும்ப வீட்டில் பாம்புக் காவும் நிலவிளக்கும் இருந்தன; வசதியுள்ள வீட்டில் ஒரு பீடமோ பழைய வாளோ இருந்தது. தெய்வத்தின் முகம் வேண்டுமென்றால் களமெழுத்துக்காரரை அழைத்து, அரிசிப்பொடியும் மஞ்சளும் கரியும் இலைப்பொடியும் கொண்டு தரையில் எழுதிப் பாட வைப்பார்கள். சடங்கு முடிந்ததும் அந்த முகத்தை அழித்துவிடுவார்கள். அழியாமல் நாள்தோறும் அங்கேயே இருக்கும் முகத்தைப் பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் கொடுத்தது அச்சுப்படம்தான். கோயில் செய்த வேலையை அது வீட்டில் செய்ய வேண்டியிருந்தது. அதற்குத் தனியாக, நேராக, நம்மைப் பார்த்து நிற்கும் உருவம் வேண்டும். அந்தத் தேவைக்கு ரவிவர்மாவின் லட்சுமி பொருந்தினாள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் பள்ளியறை ராமாயணத்திலிருந்து எந்தத் துண்டை வெட்டிச் சட்டம் போடுவது?

இந்த வாதத்தை நீட்டி, கோயிலுக்குள் விடப்படாத சாதியினருக்குத் தெய்வத்தைக் கொடுத்தவர் ரவிவர்மா என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பரில்தான் வந்தது, கொச்சியில் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. எனவே மூலவரைப் பார்க்கவே உரிமை இல்லாத லட்சக்கணக்கானவர்கள் அச்சுப்படம் புழங்கிய காலத்தில் இருந்தார்கள் என்பது சரி. ஆனால் வார்னிஷ் பூசி, கித்தான் போல வரிவரியாக அழுத்தி எடுத்த ஓலியோகிராஃப் கூலிக்காரர் வாங்கும் பொருள் அல்ல. அதை முதலில் வாங்கியவர்கள் வக்கீல்கள், வணிகர்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். குடிசை வரை படம் போனது மலிவான நகல்களும் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டர்களும் வந்த பிறகு. அந்தப் புண்ணியத்தில் பெரும்பங்கு சிவகாசி அச்சகங்களுக்கும், கோவில்பட்டியிலிருந்து அவற்றுக்குப் படம் எழுதிய கொண்டைய ராஜுவுக்கும் (1898-1976) அவருடைய மாணவர்களுக்கும் சேர வேண்டும். நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அவருடையது. ரவிவர்மாவின் தெய்வங்கள் சில சமயம் எங்கோ பார்ப்பார்கள். கொண்டைய ராஜுவின் மீனாட்சியும் முருகனும் பார்ப்பவரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. அச்சுப்படத்தின் வேலை என்ன என்று அவருக்கு ரவிவர்மாவைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

மட்டாஞ்சேரிப் பாணிக்கும் கடைசியில் வீட்டுக்குள் இடம் கிடைத்தது, ஆனால் எங்கே என்பதுதான் செய்தி. 1970 நவம்பரில் குருவாயூர்க் கோயிலில் பிடித்த தீயில் சுவரோவியங்கள் பல அழிந்தன. அவற்றை மீண்டும் எழுத மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் போன்ற முதிய கலைஞர்கள் அழைக்கப்பட்டார்கள். தேவஸ்வம் 1989இல் சுவரோவியப் பள்ளியே தொடங்கியது. அங்கிருந்து பரவிய பாணி இன்று கித்தானிலும் சேலையிலும் அச்சுத் தாளிலும் வருகிறது; கொச்சியின் அடுக்ககங்களில் சோபாவுக்குப் பின்னால் பச்சை உடல் கண்ணனும் ராமனும் பெரிய அளவில் தொங்குகிறார்கள். தெய்வமே மறுபடி அலங்காரமாகிவிட்டதே, உன் வாதம் என்னாயிற்று என்று இதைக் காட்டி மடக்கலாம். ஆனால் அதே வீட்டில் சமையலறைப் பக்கம் ஒரு மர மாடம் இருக்கும். அதில் இருப்பது கை அகல லட்சுமி படம், நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேல் குங்குமம், அதன் முன் அகல்விளக்கு. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் கண்ணனுக்குப் பெரும்பாலும் யாரும் பூ வைப்பதில்லை. அரண்மனையில் முற்றத்துக்கும் பள்ளியறைக்கும் இருந்த அதே பிரிவினை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் சுருங்கி வந்திருக்கிறது. சுவரோவியம் அங்கேயும் தன் பழைய இடத்தைத்தான் பிடித்தது.

அரண்மனைச் சுவர்களைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அச்சுப்படங்களுக்கு அப்படி ஒரு துறை இல்லை. மளவலி அச்சகமும் 1972இல் தீக்கிரையானது. மிஞ்சியவை வீடுகளில் இருப்பவைதான். பூச்சி அரித்த பழைய சாமி படத்தைக் கிழிக்கவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிடுவது இருபுறமும் வழக்கம், கேரளத்திலும் நம்மிடமும். அப்படிச் செய்வதற்கு முன் சட்டத்தைப் பிரித்துத் தாளின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ரவிவர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால், ஜரிகையைப் பிய்க்காமல், துணியை எடுக்காமல், அருகிலுள்ள அருங்காட்சியகத்தையோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறையையோ கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.